சும்மா இருத்தலின் விலை

2024 பிப்ரவரியில் இங்கிலாந்தின் நியூகாசில் யுனைடெட் கால்பந்துக் கழகம் சுருக்கமான ஓர் அறிக்கையை வெளியிட்டது. கழகத்தின் விளையாட்டு இயக்குநர் டான் ஆஷ்வொர்த் விலக விரும்புகிறார். எனவே அவர் தோட்ட விடுப்பில் அனுப்பப்படுகிறார். அவரை அழைத்துக்கொள்ள விரும்பியது மான்செஸ்டர் யுனைடெட். அதன் பிறகு நான்கு மாதங்களுக்கும் மேலாக இரண்டு கழகங்களும் ஒரு மனிதரை முன்வைத்துப் பேரம் பேசின. அவர் பந்தை உதைப்பவர் அல்லர். மைதானத்தின் ஓரத்தில் நின்று கத்தும் பயிற்சியாளரும் அல்லர். அலுவலகத்தில் அமர்ந்து, யாரை வாங்கலாம், யாரை விற்கலாம், இளம் ஆட்டக்காரர்களை எப்படி வளர்க்கலாம் என்று திட்டமிடுபவர்.

தோட்ட விடுப்பு என்ற சொல்லுக்கு ஒரு விளக்கம் தேவைப்படலாம். ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்ட ஊழியரை, நோட்டீஸ் காலம் முடியும்வரை முழுச் சம்பளத்துடன் வீட்டில் இருத்தி வைப்பதே இது. அவர் அலுவலகத்துக்கு வரக்கூடாது, கோப்புகளைத் தொடக்கூடாது, வேறிடத்தில் வேலைக்குச் சேரவும் கூடாது. தோட்டத்தில் ரோஜாச் செடிகளுக்கு நீர் ஊற்றிக்கொண்டிருக்கலாம் என்னும் பிரிட்டிஷ் கேலி அந்தப் பெயரில் ஒளிந்திருக்கிறது. அரசு அலுவலர் வட்டாரத்தில் புழங்கிய இச்சொல் பொதுமக்களின் காதுக்குப் போனதில், 1986இல் பிபிசி ஒளிபரப்பிய 'யெஸ், பிரைம் மினிஸ்டர்' என்னும் நகைச்சுவைத் தொடருக்கும் பங்குண்டு.

சும்மா இருத்தலை ஞானத்தின் உச்சம் என்று சொல்லும் மரபு நம்முடையது. அந்தச் சும்மா இருத்தலுக்கு நியூகாசில் 2 கோடி பவுண்டு விலை சொன்னதாகப் பத்திரிகைகள் எழுதியபோது சிரிப்பு வந்தது உண்மைதான். ஆனால் இதன் பின்னணியைத் தேடிப் போகும்போது சிரிப்பு சற்று அடங்கிவிடுகிறது. ஒரு மனிதனை வேலை செய்யும்படி கட்டாயப்படுத்த முடியாத சமூகம், அவனை வேலை செய்யாமல் இருக்கும்படி கட்டாயப்படுத்தக் கற்றுக்கொண்ட வரலாறு அது. அந்த வரலாற்றில் ஓர் இசைநாடகப் பாடகி வருகிறார். தக்கை விற்ற ஓர் ஆட்டக்காரர் வருகிறார். நியூகாசில் யுனைடெட் ஒரு முறை அல்ல, மூன்று முறை வருகிறது.

1

1852ஆம் ஆண்டு லண்டனில் இரண்டு இசைநாடக அரங்குகள் கடும் போட்டியில் இருந்தன. ஒன்று ஹேமார்க்கெட் பகுதியில் பெஞ்சமின் லம்லி நடத்திய 'ஹெர் மெஜஸ்டிஸ் தியேட்டர்'. மற்றொன்று கோவன்ட் கார்டனில் ஃப்ரெடரிக் ஜை நடத்திய அரங்கு. ஜெர்மானியப் பாடகி யோஹான்னா வாக்னர், இசையமைப்பாளர் ரிச்சர்ட் வாக்னரின் அண்ணன் மகளாக வளர்ந்தவர், லம்லியின் அரங்கில் மூன்று மாதங்கள் பாட ஒப்பந்தம் செய்திருந்தார். லம்லியின் எழுத்துப்பூர்வ அனுமதியின்றி வேறெங்கும் பாடுவதில்லை என்ற ஒரு வாசகமும் அதில் பின்னர் சேர்ந்தது. ஜை கூடுதல் பணம் தருவதாகச் சொன்னார். யோஹான்னா அந்தப் பக்கம் சாய்ந்தார். லம்லி நீதிமன்றத்துக்குப் போனார்.

வழக்கை விசாரித்த செயின்ட் லியனார்ட்ஸ் பிரபுவின் முன் இருந்த சிக்கல் எளியது, ஆழமானதும்கூட. பாட விரும்பாத ஒருவரை நீதிமன்ற ஆணையால் பாட வைக்க முடியுமா? முடியாது என்றார் அவர். அப்படிப் பாடினாலும் அந்தப் பாட்டு எப்படி இருக்கும் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம். ஆனால் வேறிடத்தில் பாடாதே என்று தடுக்கலாம். அவ்வாறு வாக்குக் கொடுத்திருக்கிறார் அல்லவா என்றார். தடையாணை பிறந்தது. யோஹான்னா அந்தப் பருவத்தில் லம்லிக்கும் பாடவில்லை, ஜைக்கும் பாடவில்லை. லண்டன் ரசிகர்களுக்குக் கிடைத்தது மௌனம் மட்டும்தான்.

லம்லி அத்துடன் நிற்கவில்லை. தம் பாடகியை ஆசை காட்டி இழுத்ததற்காக ஜை மீதும் வழக்குத் தொடுத்தார். ஒப்பந்தத்தை முறிக்குமாறு ஒருவரைத் தூண்டுவதும் சட்டப்படி ஒரு தீங்கே என்று 1853இல் நீதிபதிகள் பெரும்பான்மையாக முடிவு செய்தனர். விசாரணையின் இறுதியில் ஜை தப்பித்துக்கொண்டார் என்றாலும், அந்தக் கோட்பாடு நிலைத்துவிட்டது. இன்றைக்கு ஒரு கழகம் மற்றொரு கழகத்தின் அதிகாரியை அழைக்கும்போது அதன் வழக்கறிஞர்கள் மனத்தில் ஓடும் இரண்டு அச்சங்களும் இந்த இரண்டு வழக்குகளில் இருந்து வந்தவை. வருகிறவர் தடுக்கப்படலாம்; அழைத்தவர் நஷ்டஈடு கட்ட நேரலாம்.

கோவன்ட் கார்டன் என்ற பெயரே ஒரு காலத்தில் வெஸ்ட்மின்ஸ்டர் மடத்துத் துறவிகளின் தோட்டம் அங்கே இருந்ததால் வந்தது. வரலாறு சில சமயம் சிலேடையும் பேசுகிறது.

2

அடுத்த காட்சிக்கு நூறாண்டுகளுக்கு மேல் கடக்க வேண்டும். கால்பந்து தொழிலாக மாறிய பின், 1890களிலிருந்து ஆங்கிலக் கழகங்கள் தமக்குள் ஒரு ஏற்பாட்டைச் செய்துகொண்டிருந்தன. ஆட்டக்காரரின் ஓராண்டு ஒப்பந்தம் முடிந்தாலும் அவருடைய பதிவு கழகத்தின் கையிலேயே இருக்கும். கழகம் அவரைத் தக்கவைத்துக்கொள்வதாக அறிவித்துவிட்டால் அவர் வேறெந்த லீக் அணிக்கும் ஆட முடியாது. புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட மறுத்தால் சம்பளமும் கிடையாது. தக்கவைத்தல், மாற்றல் என்று இதற்குப் பெயர். இதற்கு மேல் உச்சவரம்புச் சம்பளம் வேறு. 1960இல் அது வாரத்துக்கு 20 பவுண்டு.

ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம் நியூகாசில் யுனைடெட்டின் நேர்த்தியான உள்முன்னணி ஆட்டக்காரர். கழகம் கொடுத்த வீடு, ஓய்வு நேரத்தில் செய்ய வேண்டிய மாற்று வேலை ஆகியவற்றில் தொடங்கிய மனக்கசப்பு முற்றி, 1960இல் ஒப்பந்தம் முடிந்ததும் அவர் கையெழுத்திட மறுத்துவிட்டார். கழகம் அவரை விட மறுத்தது. ஈஸ்ட்ஹாம் தெற்கே போய், நண்பர் ஒருவரின் நிறுவனத்துக்காகத் தக்கை விற்றார். இங்கிலாந்தின் தலைசிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவர், உடலும் திறமையும் உச்சத்தில் இருந்த 23ஆம் வயதில், பந்தைத் தொடாமல் மாதக்கணக்கில் காத்திருந்தார். இதுவும் ஒரு வகைத் தோட்டம்தான். ஆனால் சம்பளமில்லாத தோட்டம்.

1960 நவம்பரில் நியூகாசில் இறங்கி வந்து அவரை 47,500 பவுண்டுக்கு ஆர்சனலுக்கு விற்றது. சொந்தப் பிரச்சினை தீர்ந்துவிட்டது. பெரும்பாலானவர்கள் அத்துடன் விட்டிருப்பார்கள். ஈஸ்ட்ஹாம் விடவில்லை. ஆட்டக்காரர் சங்கத்தின் ஆதரவுடன் அவர் தொடுத்த வழக்கில் 1963 ஜூலையில் நீதிபதி வில்பர்ஃபோர்ஸ் தீர்ப்பளித்தார். ஒப்பந்தம் முடிந்த ஒருவரை இவ்வாறு பிடித்து வைப்பது அவருடைய தொழில் உரிமை மீதான நியாயமற்ற தடை என்றது அத்தீர்ப்பு. அதற்கு முன்பே, 1961 ஜனவரியில், சம்பள உச்சவரம்பும் நீங்கியிருந்தது. மிச்சமிருந்த கட்டுகளை 1995 டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் பாஸ்மன் வழக்கில் அறுத்தது. ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரருக்கு விலை இல்லை என்றானது.

நியூகாசில் யுனைடெட் வரலாற்றில் தோன்றும் முதல் முறை இது. ஒருவரைச் சம்பளமின்றிக் காக்க வைத்துத் தோற்ற கழகமாக.

3

ஆட்டக்காரர்கள் விடுதலை பெற்றுக்கொண்டிருந்த காலத்தில், லண்டனின் வேறொரு மூலையில் தோட்ட விடுப்பு சட்ட உருவம் பெற்றது. இதற்குக் காரணம் ஒரு செய்தித்தாள் போட்டி. 'ஈவினிங் ஸ்டாண்டர்ட்' பத்திரிகையின் தயாரிப்பு மேலாளர், ராபர்ட் மேக்ஸ்வெல் தொடங்கவிருந்த போட்டிப் பத்திரிகைக்குப் போக விரும்பினார். அவருடைய ஒப்பந்தப்படி ஓராண்டு நோட்டீஸ் தர வேண்டும். அவர் தந்ததோ இரண்டு மாதம். நிறுவனம் சொன்னது: நீங்கள் வேலைக்கு வர வேண்டியதில்லை, முழுச் சம்பளமும் தருகிறோம், ஆனால் ஓராண்டு முடியும்வரை அங்கே போகாதீர்கள். மேல்முறையீட்டு நீதிமன்றம் இதை ஏற்றுத் தடை விதித்தது. லம்லியின் பாடகிக்குக் கொடுத்த அதே தடைதான். கூடவே சம்பளமும் சேர்ந்துகொண்டது. அந்தச் சம்பளம்தான் நீதியின் தராசைச் சமன் செய்தது. பட்டினி போட்டுப் பணிய வைக்கிறார்கள் என்று இனி யாரும் சொல்ல முடியாது. மேக்ஸ்வெல்லின் 'லண்டன் டெய்லி நியூஸ்' 1987 பிப்ரவரியில் தொடங்கி ஜூலையிலேயே மூடப்பட்டது என்பது வேறு கதை.

ஆனால் நீதிபதிகள் இந்த ஆயுதத்தைக் கண்மூடிக்கொண்டு வழங்கவில்லை. 1989இல் ஒரு நிதி இயக்குநரின் வழக்கில், உண்மையான தீங்கு வரும் என்று காட்டாமல் நீண்ட நாள் ஒருவரைச் சும்மா உட்கார வைக்க முடியாது என்றனர். 1998இல் வில்லியம் ஹில் என்னும் பந்தய நிறுவனத்தின் வழக்கு இன்னும் ஒரு படி மேலே போனது. சில வேலைகளில் திறமை, பயன்படுத்தினால்தான் கூர்மையோடு இருக்கும். அத்தகைய ஊழியருக்குச் சம்பளம் பெறும் உரிமை மட்டுமல்ல, வேலை செய்யும் உரிமையும் உண்டு. ஒப்பந்தத்தில் வெளிப்படையாக எழுதியிருந்தால் ஒழிய அவரைத் தோட்டத்துக்கு அனுப்ப முடியாது. பாட்டு மறந்துபோகும் பாடகியை, ஆட்டம் துருப்பிடிக்கும் ஆட்டக்காரரை நீதிமன்றம் ஒரு கணம் நினைத்துப் பார்த்தது போலிருக்கிறது. விளைவு வேறுவிதமாக அமைந்தது. அதன் பிறகு மேல்நிலை அதிகாரிகளின் ஒப்பந்தங்களில் எல்லாம் தோட்ட விடுப்பு வாசகம் தவறாமல் இடம்பெறத் தொடங்கியது.

4

கால்பந்தில் இது பெரிய அளவில் பேசப்பட்டது 2003இல். ரோமன் அப்ரமோவிச் செல்சியை வாங்கிய சில வாரங்களில், மான்செஸ்டர் யுனைடெட்டின் தலைமை நிர்வாகி பீட்டர் கென்யன் அங்கே போவதாகச் செய்தி வந்தது. செப்டம்பரில் விலகியவர் 2004 பிப்ரவரியில்தான் செல்சியில் நாற்காலியில் அமர முடிந்தது. 2005இல் டாட்டன்ஹாமின் விளையாட்டு இயக்குநர் ஃப்ராங்க் ஆர்னசனைச் செல்சி அழைத்தபோது, டாட்டன்ஹாம் அவரை இடைநீக்கம் செய்து புகார் எழுப்பியது. இறுதியில் செல்சி நஷ்டஈடு கொடுத்து அழைத்துக்கொண்டது.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். ஆட்டக்காரரை விற்கும்போது கைமாறுவது அவருடைய பதிவு. அதற்கென்று விதிகள் உண்டு, பருவம் உண்டு, படிவங்கள் உண்டு. அலுவலக அதிகாரிக்குப் பதிவு கிடையாது. அவரை விற்கவும் முடியாது, வாங்கவும் முடியாது. விற்கப்படுவது நோட்டீஸ் காலத்தின் மிச்ச நாட்கள். ஆகவே இந்தப் பேரம் பனிக்கட்டி வியாபாரம் போன்றது. ஒவ்வொரு நாளும் சரக்கு உருகுகிறது. காத்திருந்தால் வாங்குபவருக்கு இலவசமாகவே கிடைத்துவிடும். ஆனால் வாங்குபவருக்கும் ஓர் அவசரம் உண்டு. கோடைக்கால ஆட்டக்காரர் சந்தை அவருக்காகக் காத்திருக்காது. விற்பவர் வேலை செய்யாதவருக்குச் சம்பளம் கொடுத்துக்கொண்டிருக்கிறார். அவருடைய இடத்துக்கு வேறொருவரையும் தேட வேண்டும். இரு தரப்புக்கும் நாட்காட்டியே எதிரி. இந்த இரண்டு அவசரங்களும் சந்திக்கும் புள்ளியில் நஷ்டஈட்டுத் தொகை பிறக்கிறது.

விற்பவரின் அச்சம் வேறு வகைப்பட்டது. அதிகாரியின் தலைக்குள் இருக்கும் பட்டியல்: எந்த நாட்டில் எந்தப் பதினேழு வயதுப் பையனைக் கழகம் கவனித்துக்கொண்டிருக்கிறது, யாருக்கு எவ்வளவு வரை கொடுக்கத் தயாராக இருக்கிறது, சொந்த ஆட்டக்காரர்களில் யாருடைய ஒப்பந்தத்தில் என்ன விலகல் தொகை எழுதப்பட்டிருக்கிறது. கணினியைத் திரும்பப் பெறலாம், மின்னஞ்சலை மூடலாம். தலையைத் திரும்பப் பெற முடியாது. ஆனால் பட்டியல்கள் பழசாகும். ஒன்றிரண்டு சந்தைப் பருவங்கள் கடந்துவிட்டால் அந்த அறிவு நேற்றைய செய்தித்தாள். தோட்ட விடுப்பு என்பது உண்மையில் ஓர் அறிவைப் பழையதாக்கும் கருவி.

5

ஆஷ்வொர்த்தின் கதைக்கு வருவோம். வெஸ்ட் ப்ராம்விச் ஆல்பியனிலும் பின்னர் இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கத்திலும் பெயர் எடுத்தவர் அவர். 2019இல் ப்ரைட்டனின் தொழில்நுட்ப இயக்குநரானார். அந்தச் சிறிய கடற்கரைக் கழகம் அவர் காலத்தில் குறைந்த விலைக்கு வாங்கிய மொய்ஸஸ் கைசெடோவைப் பின்னர் 2023இல் 11.5 கோடி பவுண்டு வரை போகக்கூடிய ஒப்பந்தத்தில் செல்சிக்கு விற்றது. இத்தகையவரை எல்லோரும் விரும்புவது இயல்பு. 2021 அக்டோபரில் சவூதி அரேபியாவின் பொது முதலீட்டு நிதியம் தலைமையிலான குழு நியூகாசிலை வாங்கியது. 2022 பிப்ரவரியில் ஆஷ்வொர்த் ப்ரைட்டனிலிருந்து விலகினார். தோட்ட விடுப்புக்குப் போனார். இரு கழகங்களும் நஷ்டஈட்டில் உடன்பட்டபின் ஜூன் தொடக்கத்தில் நியூகாசிலில் சேர்ந்தார். நியூகாசில் வரலாற்றில் தோன்றும் இரண்டாம் முறை இது: பணம் கொடுத்துக் காத்திருப்பைச் சுருக்கிக்கொண்ட கழகமாக.

இரண்டே ஆண்டுகளில் வேடங்கள் மாறின. ஜிம் ராட்கிளிஃப் மான்செஸ்டர் யுனைடெட்டின் பங்குகளில் கால்வாசிக்குச் சற்று அதிகமாக வாங்கி, 2024 பிப்ரவரியில் கால்பந்து நிர்வாகத்தைக் கையில் எடுத்தார். தலைமை நிர்வாகியாக மான்செஸ்டர் சிட்டியிலிருந்து ஒமர் பெராடா ஏற்கனவே அறிவிக்கப்பட்டிருந்தார். அவரும் ஜூலை வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அடுத்துக் குறிவைக்கப்பட்டவர் ஆஷ்வொர்த். நியூகாசில் கேட்டதாகச் சொல்லப்பட்ட 2 கோடியை அசட்டுத்தனம் என்ற பொருளில் ராட்கிளிஃப் வெளிப்படையாகவே விமர்சித்தார். ஒன்றரை ஆண்டு ஒருவர் தோட்டத்தில் உட்கார்ந்திருப்பது அபத்தம் என்றும் சொன்னார். அவர் சொன்னதில் நியாயம் உண்டு. ஆனால் அந்த வாசகத்தில் ஆஷ்வொர்த் தாமே கையெழுத்திட்டவர். அதற்குரிய சம்பளத்தையும் பெற்றவர். ஈஸ்ட்ஹாமுக்கு அந்த வாய்ப்பு இருந்ததில்லை.

விவகாரம் நடுவர் தீர்ப்பாயம் வரை செல்வதாக அன்றைய செய்திகள் கூறின. ஜூன் 14 அன்று கோடைச் சந்தை திறந்தது. ஜூலை 1 அன்று ஆஷ்வொர்த் மான்செஸ்டரில் பொறுப்பேற்றதாக அறிவிப்பு வந்தது. கொடுக்கப்பட்ட தொகை வெளியிடப்படவில்லை. முதலில் பேசப்பட்ட 2 கோடிக்கு வெகுவாகக் கீழே என்பதே பத்திரிகைகளின் மதிப்பீடு. பனிக்கட்டி நன்றாக உருகியிருந்தது. நியூகாசில் தோன்றும் மூன்றாம் முறை இது. 1960இல் பிடித்து வைத்தவர்கள், 2022இல் விடுவிக்கக் கேட்டவர்கள், 2024இல் மீண்டும் பிடித்து வைத்தார்கள். இம்முறை சட்டம் அவர்கள் பக்கம் இருந்தது. ஏனெனில் இம்முறை சம்பளம் கொடுத்தார்கள்.

6

கதையின் முடிவை யாரும் எதிர்பார்க்கவில்லை. 2024 டிசம்பர் 8 அன்று, பொறுப்பேற்ற ஐந்தே மாதங்களில், ஆஷ்வொர்த் மான்செஸ்டர் யுனைடெட்டிலிருந்து விலகினார். தோட்டத்தில் காத்திருந்த காலமும் நாற்காலியில் இருந்த காலமும் ஏறக்குறைய ஒன்றே. அவர் விலகிய வகையில் கழகத்துக்கு 41 லட்சம் பவுண்டு செலவானதாக அடுத்த பிப்ரவரியில் வெளியான கணக்கை ஒட்டிச் செய்திகள் வந்தன. 2025இல் அவர் பழைய இடமான கால்பந்துச் சங்கத்துக்கே திரும்பினார்.

அவர் விட்டுச் சென்ற கழகங்களுக்கு என்ன ஆயிற்று? 2022–23 பருவத்தில், அவர் இல்லாத ப்ரைட்டன் லீக்கில் ஆறாவதாக வந்து முதன்முறையாக ஐரோப்பியப் போட்டிக்குத் தகுதி பெற்றது. 2025 மார்ச்சில், அவர் இல்லாத நியூகாசில் லீக் கோப்பையை வென்றது. 70 ஆண்டுகளில் அவர்களுக்குக் கிடைத்த முதல் உள்நாட்டுப் பெருங்கோப்பை. இதை வைத்து அவர் திறமையற்றவர் என்று சொல்வது அநியாயம். நல்ல நிர்வாகியின் வேலை அவர் போன பிறகும் நடந்துகொண்டிருக்கும் அமைப்பைக் கட்டுவதே. ஒரு வகையில் அந்த வெற்றிகள் அவருக்கான சான்றிதழ். ஆனால் அப்படியானால், பிடித்து வைத்தது எதை? தலைக்குள் இருந்த ரகசியம் அவ்வளவு மதிப்புடையது என்றால், அது போன பிறகு வீடு இடிந்திருக்க வேண்டும். வாங்கியவரின் வீடு எழுந்திருக்க வேண்டும். இரண்டும் நடக்கவில்லை.

பேரம் பேசப்பட்டது அச்சத்துக்குத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. எதிரியின் கையில் போனால் என்ன ஆகும் என்ற அச்சத்துக்கு விற்பவர் ஒரு விலை வைத்தார். இவர் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற ஆசைக்கு வாங்குபவர் ஒரு விலை வைத்தார். நடுவில் இருந்த மனிதர் இரண்டு கணக்கிலும் ஒரு வரி. யோஹான்னா வாக்னரின் குரலுக்காக இரண்டு அரங்குகள் மோதின. கடைசியில் அந்தப் பருவத்தில் குரலை யாரும் கேட்கவில்லை. 1856இல் அவர் லண்டனில் பாட வந்தபோது, மேடை கொடுத்தவர் தடையாணை வாங்கிய அதே லம்லிதான். கோபங்கள் ஆறிவிடுகின்றன, கோட்பாடுகள் மட்டும் தங்கிவிடுகின்றன.

1852க்கும் 2024க்கும் இடையே ஒரு முன்னேற்றம் நிகழ்ந்திருப்பதை மறுக்க வேண்டியதில்லை. காக்க வைப்பவன் சோறு போட வேண்டும் என்ற எளிய அறம் சட்டமாகியிருக்கிறது. அந்த அறத்துக்குப் பின்னால் நீதிபதிகளின் தீர்ப்பு மட்டுமல்ல, கையெழுத்திட மறுத்துவிட்டுத் தக்கை விற்கப் போன ஓர் இளைஞனின் பிடிவாதமும் இருக்கிறது. ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம் தமது 88ஆம் வயதில் 2024 டிசம்பரில் காலமானார். ஆஷ்வொர்த் மான்செஸ்டரை விட்டு வெளியேறிய அதே மாதம். இரண்டு செய்திகளும் ஒரே பத்திரிகைகளின் விளையாட்டுப் பக்கங்களில் சில நாட்கள் இடைவெளியில் வந்தன.